முதல் பதிவோட முடிஞ்சு போகாதீங்க!

கல்லூரி மாணவர் ஒருத்தரோட வலைப்பூவை எடுத்துக்குங்க. அதோட மொத்த வரலாறும் பெரும்பாலும் நாலே பதிவுல முடிஞ்சிடும்.

பதிவு ஒண்ணு: 'எல்லோருக்கும் வணக்கம்! நானும் வந்துட்டேன். இனி கலக்கல்தான்!'

பதிவு ரெண்டு: நிலா, மழை, அவள். (கவிதையாமாம்!)

பதிவு மூணு: போன வெள்ளிக்கிழமை பார்த்த படத்தோட விமர்சனம். 'முதல் பாதி ஓகே. ரெண்டாவது பாதி இழுவை. மொத்தத்தில் ஒரு தடவை பார்க்கலாம்.'

பதிவு நாலு: 'ஸாரி ஃப்ரெண்ட்ஸ், மாடல் எக்ஸாம். அடுத்த வாரத்துலேர்ந்து ரெகுலரா எழுதுவேன்.'

அந்த 'அடுத்த வாரம்' மட்டும் வரவே வராது.

சிரிக்காதீங்க. இதை எழுதுற நானும் அதே கட்சிதான். காலேஜ் படிக்கும்போது ஒரு வலைப்பூ ஆரம்பிச்சு, மொத்தம் 11 பதிவு போட்டேன். அதில் பத்து பதிவு சுத்த மொக்கை. ஒண்ணே ஒண்ணு மட்டும் உருப்படி. அது என்ன ஆச்சுங்கிற சோகக் கதையைக் கடைசியில் சொல்றேன்.

'ரீல்ஸ் ஓடுற காலத்துல வலைப்பூவா?'னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இன்னிக்கு நீங்க போடுற ரீல்ஸை நாளைக்கு நீங்களே தேடினாலும் கிடைக்காது. எழுதி வைச்ச ஒரு நல்ல பதிவு அஞ்சு வருஷம் கழிச்சும் யாரோ ஒருத்தர் கூகுள்ல தேடும்போது வந்து நிக்கும். வேலைக்கு இன்டர்வியூ போகும்போது 'எனக்கு நல்லா எழுத வரும்'னு ரெஸ்யூம்ல போடுறதைவிட, 'இதோ என் பக்கம்'னு ஒரு முகவரி கொடுக்கிறது எவ்வளவு கெத்து! அதனால ஆரம்பிங்க. ஆனா, உங்களுக்கு முன்னாடி வந்தவங்க விழுந்த பள்ளத்துலேயே போய் விழாதீங்க.

ஒரு நிமிஷ ஃப்ளாஷ்பேக்

'வெப்லாக்'ங்கிற வார்த்தை 1997 டிசம்பரில் பிறந்தது. வைத்தவர் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர். 1999-ல் அது 'ப்ளாக்' எனச் சுருங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் ப்ளாகர் சேவையை ஆரம்பித்தது. 2003 பிப்ரவரியில் அதை கூகுள் வாங்கியது. தமிழில் வலைப்பதிவுகள் முளைத்ததும் அதே 2003-ல்தான்.

அப்போ தமிழில் டைப் அடிக்கிறதே ஒரு சாகசம். ஆளுக்கொரு எழுத்துரு. நீங்க 'வணக்கம்'னு அடிச்சா, எதிர்ல இருக்கிறவர் கம்ப்யூட்டர்ல பூச்சி பூச்சியாத் தெரியும். முரசு அஞ்சல், இ-கலப்பை மாதிரியான மென்பொருள்களும், யுனிகோடும்தான் அந்தத் தலைவலியைத் தீர்த்து வைத்தன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை எல்லாம் ஒரே பக்கத்தில் காட்டியது. யார் புதுசா என்ன எழுதினாலும் அங்கே தெரியும். சென்னை, கோவை, சிங்கப்பூர், டொரன்டோனு எல்லா ஊர்த் தமிழரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசின மாதிரி இருந்தது.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. 2006 செப்டம்பர் 9, 10 தேதிகளில் தரமணி டைடல் பார்க்கில் ப்ளாக்கேம்ப் நடந்தது. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை. வலைப்பூ ஆரம்பிப்பது எப்படினு புதுசா வந்தவங்களுக்குப் பழைய ஆட்கள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்துலேர்ந்து வந்தவங்க எங்கெங்கோ போயிட்டாங்க. 'லக்கிலுக்' என்ற பெயரில் எழுதின யுவகிருஷ்ணா பத்திரிகையாளர் ஆனார். கேபிள் சங்கர் 2015-ல் 'தொட்டால் தொடரும்' படத்தை இயக்கினார். பதிப்பாளர் பத்ரி சேஷாத்ரி 2003-லேயே வலைப்பதிவு எழுத ஆரம்பித்தவர். இவங்க எல்லோருக்கும் பொதுவான ஒரே விஷயம், நாலாவது பதிவோட நிறுத்தலை. அவ்வளவுதான்.

சரி, இப்போ பள்ளங்களைப் பார்ப்போம்.

பள்ளம் 1: எல்லாத்தையும் பத்தி எழுதுறது

திங்கட்கிழமை கிரிக்கெட், செவ்வாய்க்கிழமை அமெரிக்க அரசியல், புதன்கிழமை வத்தக்குழம்பு, வியாழக்கிழமை தத்துவம். இப்படி இருந்தா உங்க பக்கத்துக்கு ஒருத்தர் எதுக்காகத் திரும்பி வரணும்? 'சகல சாமான்களும் கிடைக்கும்'னு போர்டு போட்ட கடைக்கு ரங்கநாதன் தெருவில் வேணும்னா கூட்டம் வரும். வலைப்பூவுக்கு வராது.

இதுக்குப் பாடம் மயிலாப்பூரிலேயே இருக்கு. 'மயிலாப்பூர் டைம்ஸ்' 1994-லேர்ந்து வர்ற ஒரு பேட்டைப் பத்திரிகை. மாட வீதிக் கோலப் போட்டி, தெருவுல தோண்டின குழி, பக்கத்து ஸ்கூல் ஆண்டு விழா, இதெல்லாம்தான் செய்தி. டெல்லி செய்தி வேணும்னா அதுக்கு வேற பேப்பர் இருக்கு. ஆனா, உங்க தெருக்குழியைப் பத்தி எழுத இதைவிட்டா ஆள் இல்லை. அதே மாதிரி எஸ். முத்தையா 1991-லேர்ந்து 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழை ஒரே ஒரு ஊரை வெச்சு நடத்தினார். 2019-ல் அவர் மறையும்போதும் சொல்ல அவரிடம் விஷயம் தீரலை.

என்ன பண்ணலாம்? உங்க பக்கத்தைப் பத்தி ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்க. 'பெசன்ட் நகர் போற 29சி பஸ்ஸில் நான் பார்த்த மனிதர்கள்', 'ஹாஸ்டல் ரூம்ல கெட்டில் வெச்சு சமைக்கிறது', 'பி.காம் படிக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி ஜி.எஸ்.டி.' இப்படி ஒரு வரியில் சொல்ல முடிஞ்சா ஆரம்பிக்கலாம். முடியலைனா இன்னும் ரெண்டு நாள் யோசிங்க. தப்பில்லை.

பள்ளம் 2: வேகமா ஓடி, மூச்சு வாங்குறது

முதல் வாரம் ஏழு பதிவு. ரெண்டாவது வாரம் மூணு. அப்புறம் பொங்கலுக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு. இது எல்லாருக்கும் வர்ற வியாதி.

மருந்து ரொம்ப சிம்பிள். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அஞ்சு பதிவு எழுதி டிராஃப்ட்ல வெச்சுக்குங்க. வாரத்துக்கு ஒரு நாள் முடிவு பண்ணுங்க. ஞாயிறு காலையில்னா ஞாயிறு காலையில்தான். மனசு பொங்குதேன்னு ஒரே நாளில் மூணைப் போடாதீங்க. ப்ளாகர், வேர்ட்பிரஸ் ரெண்டுலயுமே தேதி குறிச்சு வெச்சா, நீங்க செமஸ்டர் எழுதிட்டு இருக்கும்போதுகூட அதுவா வெளியாகிடும். அம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி புளிக்காய்ச்சல் பண்ணி வெச்சுட்டுப் போற மாதிரிதான்.

பள்ளம் 3: சுட்ட தோசை

'படித்ததில் பிடித்தது'னு ஒரு தலைப்பு. கீழே அப்படியே யாரோ எழுதின முழுக் கட்டுரை. கேட்டா, 'கீழே நன்றினு போட்டிருக்கேனே'ம்பாங்க. பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போய், சீட்டுல 'நன்றி'னு ஸ்டிக்கர் ஒட்டினா சரியாயிடுமா?

நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டு வந்தது. அதன்படி ஒருத்தர் எழுதினது, அவர் காலமான பிறகும் 60 வருஷத்துக்குப் பாதுகாப்பில் இருக்கும். சினிமாப் பாட்டு, கூகுள்ல கிடைக்கிற போட்டோ எதுவும் 'நெட்ல இருந்துச்சு'ங்கிறதால ஊர்ச்சொத்து ஆகிடாது. விமர்சனம் பண்றதுக்காக ஒரு சின்னப் பகுதியை மேற்கோள் காட்டலாம். அதுக்குச் சட்டமே இடம் கொடுக்குது. முழுசையும் எடுத்துப் போடறதுதான் வம்பு.

சுடாமலே எடுத்துக்க எவ்வளவோ இருக்கு. பாரதியார் மாதிரி நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களோட நூல்கள் கோட்டூர்புரத்தில் இருக்கிற தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 1998 பொங்கலில் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்துலேர்ந்து எல்லாம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். படம் வேணும்னா, விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் போட்டுட்டு நிறையப் படங்களைப் பயன்படுத்தலாம். எல்லாத்தையும்விட நல்ல வழி, உங்க போனை எடுத்துட்டுப் போய் நீங்களே எடுக்கிறது!

இப்போ புதுசா ஒரு பழக்கம். சாட்பாட்கிட்ட 'மயிலாப்பூர் பத்தி 500 வார்த்தை'னு கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டுறது. அது மெட்ராஸைச் சொல்லும், மாட வீதியைச் சொல்லும், தேரைச் சொல்லும். ஆனா, அறுபத்து மூவர் திருவிழா அன்னிக்கு உங்க செருப்பு தொலைஞ்சு, வீடு வரைக்கும் வெறுங்காலோட நடந்தீங்களே, அது அதுக்குத் தெரியாது. படிக்கிறவங்களுக்கு வேண்டியது அந்தச் செருப்புதான்.

பள்ளம் 4: விசாரிக்காம எழுதுறது

இது விளையாட்டு இல்லை. கொஞ்சம் சீரியஸாவே பேசுவோம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு ஆறு கரை மீறியது ஞாபகம் இருக்கும். உங்களில் பல பேர் அப்போ குட்டிப் பசங்க. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை எல்லாம் தண்ணிக்குள்ளே. அந்த நாட்களில் இணையத்தில் ரெண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு கூட்டம், முதலைப் பண்ணையிலேர்ந்து முதலைகள் தப்பிச்சு வெள்ளத்துல நீந்திட்டு வருதுனு பரப்பியது. பண்ணை நிர்வாகம் 'எங்க முதலைகள் எல்லாம் பத்திரமா இங்கேயே இருக்கு'னு மறுப்பு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஏற்கெனவே இடுப்பளவு தண்ணியில் நிக்கிறவங்களை இப்படி ஒரு வதந்தி என்ன பாடு படுத்தியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு கூட்டம், chennairains என்ற பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்து, எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே தங்கலாம், எந்த இடத்துக்குப் படகு வேணும்னு தகவல்களைத் திரட்டியது. இந்த வேலையில் பெரிய தலைவலி என்ன தெரியுமா? பழைய தகவல். நேத்து காலையில் 'உதவி தேவை'னு போட்டது இன்னிக்கு ராத்திரியும் சுத்திக்கிட்டே இருக்கும். உதவிக்குப் போறவங்க ஏற்கெனவே காப்பாத்தப்பட்ட வீட்டுக்குப் போய் நிற்பாங்க. நிஜமாவே மொட்டை மாடியில் காத்திருக்கிற குடும்பம் காத்துக்கிட்டே இருக்கும்.

இதுக்கும் முன்னாடி, 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போவும் தன்னார்வலர்கள் ப்ளாக்ஸ்பாட்டில் ஒரு குழு வலைப்பூ ஆரம்பித்து, உதவி எண்கள், தேவைகள், காணாமல் போனவர்கள் பற்றிய தகவல்களைத் தொகுத்தார்கள். ஒரு வலைப்பூவால் என்ன செய்ய முடியும்னு உலகத்துக்குக் காட்டின சம்பவங்களில் அதுவும் ஒண்ணு.

அதனால மூணு பழக்கம். ஒண்ணு, தகவல் எங்கேயிருந்து வந்ததுனு எழுதுங்க. ரெண்டு, எந்தத் தேதி, எத்தனை மணி நிலவரம்னு போடுங்க. மூணு, தப்புனு தெரிஞ்சா சத்தமில்லாம அழிக்காம, 'முன்பு எழுதியது தவறு, சரியான தகவல் இது'னு திருத்தம் போடுங்க. மெஸ் பத்தி எழுதினாலும் இதே விதிதான். நாமளே போய் சாப்பிட்டுட்டு எழுதணும். போன தேதியைப் போடணும். சாம்பார் வாளி மாறலாம், மாஸ்டரும் மாறலாம்!

பள்ளம் 5: மூச்சு விடாத பாரா

சிலர் பதிவைத் திறந்தா, மேலேர்ந்து கீழே வரைக்கும் ஒரே பாரா. கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. பீக் ஹவர்ல பனகல் பார்க் சிக்னல் மாதிரி வார்த்தைகள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும்.

போன்ல படிக்கிறவங்கதான் இன்னிக்கு அதிகம். மூணு, நாலு வரிக்கு ஒரு பாரா போதும். எழுதி முடிச்சதும் ஒரு தடவை வாய்விட்டு சத்தமாப் படிங்க. எங்கே மூச்சு முட்டுதோ, அங்கே வெட்டுங்க. எங்கே உங்களுக்கே கொட்டாவி வருதோ, அந்த வரியைத் தூக்குங்க. 'பள்ளி', 'பல்லி' ரெண்டும் வேற வேறனு ஞாபகம் இருக்கட்டும். 'நான் படித்த பல்லி'னு எழுதினா படிக்கிறவங்க பயந்துடுவாங்க.

தலைப்பும் முக்கியம். 'என் எண்ணங்கள் - பகுதி 3'னு வெச்சா யார் திறப்பாங்க? அதுக்காக 'அதிர்ச்சி! நீங்கள் நம்ப மாட்டீர்கள்!'னும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கோ அதைச் சொன்னா போதும். அப்புறம் பக்கத்தைத் திறந்ததும் பாட்டு பாடுறது, பூ கொட்டுறது, பத்து கலர்ல எழுத்து ஓடுறது... பாஸ், அது வலைப்பூ, கல்யாண மண்டப வாசல் இல்லை.

பள்ளம் 6: 'யாருக்குத் தெரியப் போகுது?'

புனைபெயர் வெச்சுக்கிட்டா என்ன வேணும்னாலும் எழுதலாம்னு ஒரு நினைப்பு. இதுக்கு நிஜமா நடந்த ஒரு வழக்கு இருக்கு.

கேரளாவைச் சேர்ந்த 19 வயசு கம்ப்யூட்டர் மாணவர் ஒருத்தர், ஆர்க்குட்டில் ஒரு அரசியல் கட்சிக்கு எதிராக ஒரு குழு தொடங்கினார். அங்கே பெயர் தெரியாத பலரும் வந்து காரசாரமா எழுதினாங்க. 2008-ல் மகாராஷ்டிராவின் தானேயில் அந்த மாணவர் மேல் கிரிமினல் வழக்கு பதிவாச்சு. வழக்கை ரத்து பண்ணச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2009 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுத்துட்டது. இணையத்தை உலகமே பார்க்குது, கம்ப்யூட்டர் படிக்கிற உங்களுக்கு அது தெரியாதாங்கிற தோரணையில்தான் அங்கே கேள்வி வந்தது. எங்கேயோ கேரளாவில் உட்கார்ந்து ஆரம்பிச்ச பக்கத்துக்கு, எங்கேயோ தானேயில் வழக்கு!

அதுக்கப்புறம் ஒரு நல்லதும் நடந்தது. இணையத்தில் எழுதினதுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட 66-ஏ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதுக்காக எல்லாக் கதவும் திறந்துடுச்சுனு அர்த்தம் இல்லை. அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கு. 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு ரெண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கு.

இதைச் சொல்றது பயமுறுத்த இல்லை. விமர்சனம் பண்ணுங்க. தாராளமாப் பண்ணுங்க. 'இந்த ஓட்டல்ல எனக்கு ஆறின காபி கொடுத்தாங்க'ங்கிறது உங்க அனுபவம். 'இந்த ஓட்டல்காரன் திருடன்'ங்கிறது குற்றச்சாட்டு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு எங்கேனு தெரிஞ்சா போதும்.

இன்னொண்ணு, உங்க பாதுகாப்பு. போன் நம்பர், ஹாஸ்டல் ரூம் நம்பர், 'தினமும் ஏழு மணிக்கு எலியட்ஸ் பீச்ல வாக்கிங்' இதெல்லாம் பதிவில் எதுக்கு? கூடப் படிக்கிறவங்க போட்டோவை, அவங்களோட காதல் கதையை, அவங்க சம்மதம் இல்லாமப் போடவே போடாதீங்க. உங்களுக்கு அது ஒரு ஜாலி பதிவு. அந்தப் பொண்ணு வீட்டுல அன்னிக்கு ராத்திரி என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது.

பள்ளம் 7: அடுத்த மாசமே கார் வாங்கலாம்

'ப்ளாக் எழுதினா டாலர்ல சம்பாதிக்கலாமாமே?' இதுதான் பல பேரோட முதல் கேள்வி. உண்மையைச் சொல்றேன். கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ் மொழிக்கு அதிகாரபூர்வமாக வந்ததே 2018-ல்தான். அதுக்கு முன்னாடி 15 வருஷம் தமிழில் எழுதிக் குவிச்சவங்க யாரும் விளம்பரக் காசை நம்பி எழுதலை. இன்னிக்கும் ஆரம்பத்துல வர்ற வருமானம் ரெண்டு ஃபில்டர் காபிக்குப் போதுமானு பாருங்க. காருக்கு அப்புறம் பார்க்கலாம்.

ஓரளவு பெயர் வந்ததும் இன்னொரு ஆபத்து வரும். 'ஓசியில சாப்பிடுங்க, நல்லதா நாலு வரி எழுதுங்க.' சாப்பிடுறது உங்க இஷ்டம். ஆனா, ஓசினு சொல்லாம எழுதினா அது படிக்கிறவங்களுக்குப் போடுற நாமம். விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி, 2021-லேயே இதுக்கு விதிமுறை கொண்டு வந்திருக்கு. காசு வாங்கினாலும், பொருள் வாங்கினாலும், 'இது விளம்பரம்'னு தெளிவாகப் போடணும். ஒரு தடவை நம்பிக்கை போச்சுனா, அடுத்த நூறு பதிவு எழுதினாலும் திரும்பாது.

பள்ளம் 8: சண்டைக்கோழி

முதல் தடவையா ஒருத்தர் 'உங்க எழுத்து தண்டம்'னு எழுதிட்டுப் போவார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்காம உட்கார்ந்து பதில் எழுதுவீங்க. காலையில் அவர் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவார். அப்புறம் ஒரு மாசம் இதே வேலைதான். உருப்படியா எழுத வேண்டிய நேரமெல்லாம் கும்மியடிக்கிறதுலயே போயிடும். தமிழ்ப் பதிவுலகத்தில் நல்லா எழுதின பல பேர் இப்படித்தான் ஓய்ஞ்சு போனாங்க.

தப்பைச் சுட்டிக் காட்டினா நன்றி சொல்லித் திருத்துங்க. திட்டினா விட்டுடுங்க. மத்தவங்களைக் கேவலமாப் பேசுற வரிகளை உங்க பக்கத்துல அனுமதிக்காதீங்க. உங்க வீட்டு வாசலுக்கு நீங்கதான் பொறுப்பு.

பள்ளம் 9: வாடகை வீட்டுல பொக்கிஷம்

இப்போ என் சோகக் கதைக்கு வருவோம்.

அந்தப் பதினோரு பதிவில் உருப்படியான ஒண்ணு, எங்க தாத்தா சொன்னது. இன்னிக்கு தி.நகர் இருக்கிற இடத்துல ஒரு காலத்துல பெரிய ஏரி இருந்தது. அதைத் தூர்த்துதான் 1920-களில் இந்த நகரையே உருவாக்கினார்கள். அந்த ஏரியைப் பத்தி அவரோட அப்பா சொன்ன கதைகளை, ஒரு மழை நாளில் தாத்தா எனக்குச் சொன்னார். அதை அவர் பேச்சிலேயே அப்படியே எழுதி வெச்சிருந்தேன். ஏரிக்கரையில யார் வீடு இருந்தது, எந்த மீன் கிடைக்கும், மழைக்காலத்துல தவளைச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்... எல்லாம் அதுல இருந்தது.

நான் எழுதினது ஒரு இலவச சேவையில். அவங்க கடையை மூடப் போறதா மெயில் அனுப்பினாங்க. நான் பார்க்காத பழைய மெயில் ஐ.டி.க்கு. ஒரு நாள் தேடிப் போனா, பக்கமே இல்லை. தாத்தாவும் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டார். யார்கிட்ட திருப்பிக் கேட்பேன்?

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடினது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில். ஆர்க்குட் 2014 செப்டம்பரில். இணையத்தில் இலவசமா கிடைக்கிற இடமெல்லாம் வாடகை வீடுதான். ஓனர் எப்போ வேணும்னாலும் காலி பண்ணச் சொல்லலாம்.

பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூலகம் இருக்கு. பீச்சுக்குப் போற வழியில் எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பீங்க! ஊர் ஊராப் போய், கரையான் அரிச்ச ஓலைச்சுவடிகளைத் தேடிப் பிடிச்சு, ஒப்பிட்டுப் பார்த்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தவர் அவர். எந்தச் சுவடி யார் வீட்டிலேர்ந்து கிடைச்சதுனு முன்னுரையில் நன்றியோட குறிச்சும் வெச்சார். ஓலைக்குக் கரையான். நம்ம பதிவுக்கு, மூடப் போறேன்னு வர்ற மெயில். அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு உங்க பதிவைத் தேடி எடுக்க ஒரு உ.வே.சா. வருவார்னு காத்திருக்க முடியாது. நாமளே பார்த்துக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது பத்து நிமிஷ வேலை. ப்ளாகர் செட்டிங்ஸில் 'பேக்கப்' இருக்கு. வேர்ட்பிரஸில் 'எக்ஸ்போர்ட்' இருக்கு. மாசம் ஒரு தடவை இறக்கி, ஒரு காப்பி பென் டிரைவிலும் இன்னொரு காப்பி வேற இடத்திலும் வைங்க. முக்கியமான பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமிச்சு வைங்க. பாஸ்வேர்டை மறக்காதீங்க. காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி.யில் வலைப்பூ ஆரம்பிக்காதீங்க. படிப்பு முடிஞ்சதும் அந்த ஐ.டி. போனா, சாவியும் சேர்ந்து போயிடும்!

இந்த வார வீட்டுப்பாடம்

இவ்வளவு படிச்சுட்டு 'சூப்பர்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஒரு சின்ன வேலை இருக்கு.

இந்தச் சனிக்கிழமை சாயந்திரம் உங்க தெருவுல ஒரு ரவுண்டு போங்க. லஸ் கார்னரா, பாண்டி பஜாரா, காந்தி நகரா, எதுவா இருந்தாலும் சரி. அங்கே ரொம்ப வருஷமாக் கடை வெச்சிருக்கிறவர் ஒருத்தர்கிட்ட, 'நான் எழுதுறதுக்காகக் கேட்கிறேன்'னு முதல்லயே சொல்லிட்டு, பத்து நிமிஷம் பேசுங்க. பூக்கார அம்மாவா இருக்கலாம். செருப்பு தைக்கிற பெரியவரா இருக்கலாம். வீட்டுல பாட்டி இருந்தா அதைவிட விசேஷம். அவங்க சொன்னதை அவங்க வார்த்தையிலேயே 400 வார்த்தை எழுதுங்க. தேதி போடுங்க. சத்தமாப் படிச்சுப் பாருங்க. பேக்கப் எடுங்க. அப்புறம் வெளியிடுங்க.

நாலு பேர்தான் படிப்பாங்க. படிக்கட்டுமே. எங்க தாத்தா சொன்ன ஏரிக் கதையைப் படிச்சதும் நாலே பேர்தான். அதுல ஒருத்தர்கிட்ட ஒரு காப்பி இருந்திருந்தா, இன்னிக்கு அந்தத் தவளைச் சத்தம் என்கிட்ட இருந்திருக்கும்.

முதல் பதிவுல 'வணக்கம், வந்துட்டேன்' எல்லாம் வேண்டாம். நேரா கதைக்குப் போயிடுங்க!